திங்கட்கிழமைக் கையெழுத்து

போன வார அத்தியாயத்தில் நரம்பு மருத்துவமனைக்கு எதிரே, பெட்ரோல் பங்க்கில் பாப்பாவை நிறுத்திவிட்டு வந்தோம். எதிர்ச்சாரியில் அப்பாவும் அம்மாவும் படியிறங்கி வந்ததை அவள் பார்த்தாள். அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்த அம்மா, மகளைக் கண்டதும் அந்தக் கையை விட்டுவிட்டாள். சொந்தக் கார் இருக்க, இருவரும் வாடகைக் காரில் ஏறிப் போனார்கள்.

அது சனிக்கிழமை. ஞாயிறு முழுக்க அம்மா போனை எடுக்கவில்லை.

இன்று திங்கள். பாப்பா கையெழுத்துப் போட வேண்டிய நாள்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று புதிதாகப் படிக்க வருகிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தாறு வயது, வேலைக்குப் போகிற மகன், மூக்குக் கண்ணாடி எல்லாம் உண்டு. அப்பா தொடங்கிய வால்வு கம்பெனிக்கு அவள்தான் செக்ரட்டரி. சட்டதிட்டம் அத்தனையும் அவள் தலையில். அப்பா தலைவர். தம்பி நிர்வாக இயக்குநர். தலையில் காடு மாதிரி முடி வைத்திருக்கும் அவனுக்கு, பிறந்தபோது இருந்த கோலத்தை வைத்து, வீட்டில் இன்றும் மொட்டை என்றுதான் பெயர்.

கம்பெனியின் பங்குகள் இங்கேயும் விற்கின்றன, கடல் தாண்டி இன்னொரு நாட்டுச் சந்தையிலும் விற்கின்றன. இரண்டு இடத்திலும் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது கம்பெனி. அப்படி வாங்குகிற கம்பெனியைச் சந்தை சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். விலையை வேண்டுமென்றே தூக்கிக் காட்டுகிறார்களோ? அதற்காகத்தான் கட்டுப்பாடுகள். ஆனால் இந்த ஊர்ச் சட்டமும் அந்த ஊர்ச் சட்டமும் மாமியாரும் மருமகளும் மாதிரி. இது ஆம் என்றால் அது இல்லை என்னும்.

மாதக்கணக்கில் எழுதி, பேசி, கெஞ்சி, அக்கரைப் பங்குச்சந்தை ஆணையத்திடம் பாப்பா ஒரு விதிவிலக்கு வாங்கினாள். ‘உங்கள் ஊர் விதிப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை. பங்கு விலையைப் பாதிக்கும் எந்தச் செய்தியையும் கம்பெனி வெளியே சொல்லாமல் வைத்திருக்கவில்லை என்று, ஒவ்வொரு திங்கட்கிழமையும், அங்கே சந்தை திறக்கும் முன் செக்ரட்டரி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.’

மூன்று திங்கட்கிழமை கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். இன்று நான்காவது.

காலையில் நேராக அம்மா வீட்டுக்குத்தான் வண்டியை விட்டாள்.

அம்மா சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடை ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

“எத்தனை நாளாம்மா?”

“எது எத்தனை நாளா? வந்ததும் வராததுமா என்ன கேள்வி இது? டீ குடிக்கிறியா?”

“அம்மா.”

துணியை உதறிக் காயப்போட்டாள் அம்மா. முகத்தைத் திருப்பவில்லை. “கொஞ்சம் மறதி. வயசானா யாருக்குத்தான் இல்லை? நீகூடத்தான் போன தடவை குடையை வெச்சுட்டுப் போனே.”

“குடையை மறந்ததுக்கெல்லாம் நரம்பு டாக்டர்கிட்ட யாரும் போறதில்லைம்மா. என்ன சொன்னார்?”

“போகப் போகத் தெரியும்னார்.”

பாப்பா போய் அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றாள். அம்மாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

“போகப் போக மறதி கூடும்னார்” என்றாள் மெல்ல. “ரெண்டு டாக்டர் பார்த்தாச்சு. ரெண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க.”

பாப்பா அம்மாவின் தோளைப் பிடித்தாள். பிடித்தபடியே, சொல்லவும் வேண்டியிருந்தது. “அப்பா கம்பெனியோட தலைவர்மா. ஆர்டர் எடுக்கிறது, விலை பேசுறது எல்லாம் இன்னைக்கும் அவர் வாய் வார்த்தையிலதான் ஓடுது. இதை மறைச்சு வெச்சுக்கிட்டு நான் கையெழுத்துப் போட முடியாது. வெளியில சொல்லியாகணும்.”

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“வெளியிலன்னா? ஊருக்கே தம்பட்டம் அடிக்கப் போறியா? உங்கப்பா தலை என்ன கம்பெனி சொத்தாடி? அதையும் பங்கு போட்டு வித்தாச்சா?”

பதில் சொல்வதற்குள் அப்பா வந்துவிட்டார். சலவைச் சட்டை, வழித்த முகம், கோணாமல் கட்டிய டை.

“என்ன, ஆத்தாளும் மகளும் போர்டு மீட்டிங் போட்டுட்டீங்க? எனக்கு நோட்டீஸ் வரலையே!”

அதே கட்டைக் குரல், அதே குறும்பு. இவருக்கா? டாக்டர்கள்தான் தப்பாகச் சொல்கிறார்களோ என்று ஒரு கணம் பாப்பாவுக்குத் தோன்றியது.

“மத்தியானம் மீட்டிங்ல பார்க்கலாம்பா” என்றாள்.

“வந்துடறேன், வந்துடறேன்.” ஷூவை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். “ஆமா, பரீட்சை எப்படி எழுதினான் உன் பையன்?”

பாப்பாவின் மகன் படிப்பை முடித்து வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. முதல் சம்பளத்தில் இவருக்கு வாங்கிக் கொடுத்த டையைத்தான் கட்டியிருந்தார்.

“நல்லா எழுதினான்பா” என்றாள் பாப்பா.

அம்மா துணியை எடுத்து மறுபடி மேடையைத் துடைக்கத் தொடங்கினாள்.

கம்பெனி வாசலில் டெலிபோன் ஆபரேட்டர் அம்மாள் வழிமறித்தாள். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறவள். நல்ல செய்தி சொல்கிற முகம்.

“மேடம், உங்க பேச்சை மீறி நானும் நம்ம ஷேர் வாங்கிட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“எல்லாத்தையும் ஒரே இடத்துல போடாதேன்னு போன வருஷம் சொன்னீங்களே. இப்போ கம்பெனியே தன் ஷேரை வாங்குது. அவங்களுக்குத் தெரியாததா? விலையும் இறங்காம நிக்குது. அதான் துணிஞ்சு கையில இருந்ததைப் போட்டுட்டேன்.”

பாப்பாவுக்கு வாய் வரை வந்தது. சொல்லக் கூடாது. இவளுக்கு மட்டும் சொன்னால் அதுவும் குற்றம். சிரித்ததாகப் பேர் பண்ணிவிட்டு லிஃப்டுக்குள் நுழைந்தாள். கதவு மூடியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

தம்பியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள்.

“வா அக்கா. அக்கரை வக்கீலம்மா ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. சர்டிபிகேட் இன்னும் வரலையாம்.”

“வராது.”

திரையிலிருந்து கண்ணை எடுத்தான் மொட்டை.

“அப்பாவை நரம்பு ஆஸ்பத்திரியில பார்த்தேன்” என்றாள் பாப்பா.

ஆச்சரியப்படுவான், பதறுவான், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வருவான் என்று நினைத்தாள். அவன் எழுந்தான். எழுந்து போய்க் கதவைத்தான் சாத்தினான்.

அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

“உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

“உட்காரு.”

“எப்போலேர்ந்துடா?”

“ரெண்டு மாசமா.”

“அப்போ நான் போட்ட மூணு கையெழுத்து?”

அவன் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

“சொல்லுடா மொட்டை. மூணும் பொய்யா?”

“உனக்குத் தெரியாம போட்டே. தெரியாம போட்டது பொய் ஆகாது. அதுக்குத்தான் உன்கிட்ட சொல்லலை. அம்மாவையும் சொல்ல வேண்டாம்னேன். உன்னைக் காப்பாத்தத்தான்க்கா.”

“என்னைக் காப்பாத்த என் கையாலயே பொய் எழுத வெச்சியா?”

“கம்பெனியைக் காப்பாத்த.” அவன் குரல் உயர்ந்தது. “முதலை எவ்வளவு வெச்சிருக்கான் தெரியும்ல?”

தெரியும். கடல் தாண்டிய பெரிய வால்வு கம்பெனி ஒன்று, அந்த ஊர்ச் சந்தையில் இவர்கள் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வருகிறது. குடும்பத்தில் அதற்கு முதலை என்று பெயர் வைத்தவரே அப்பாதான்.

“நம்ம குடும்பத்துக்குப் பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கு. கம்பெனி வாங்கி அழிக்க அழிக்க மிச்சப் பங்கு குறையும். விக்காம உட்கார்ந்திருக்கிற நம்ம பிடி தானா இறுகும். இன்னும் ஒரு மாசம். பாதியைத் தாண்டிட்டோம்னா எந்த முதலையும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கப்புறம் நீயே மைக் வெச்சுச் சொல்லு, நான் தடுக்கலை. இப்போ சொன்னா விலை விழும். விழுந்ததும் வாயைத் திறந்துக்கிட்டு வருவான். அப்பா கட்டினதை அப்பா கண் முன்னாடியே முழுங்குவான். அதைப் பார்க்கணுமா நீ?”

அவன் கண்கள் கலங்கியிருந்தன. சின்ன வயதில் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்பானே, அதே முகம். பாப்பாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கீழே ஆபரேட்டரம்மா கையில இருந்ததையெல்லாம் நம்ம ஷேர்ல போட்டிருக்காங்க” என்றாள். “கம்பெனியே வாங்குதே, அவங்களுக்குத் தெரியாததான்னு சொல்றாங்க. உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சு அவங்க முகத்தை எப்படிடா பார்ப்பே?”

“அதுக்காக...”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு பார்க்கிறே. அவர் வாயைத் திறந்தாலே தெரிஞ்சுபோகுது. நான் இன்னைக்குக் கையெழுத்துப் போடலை. மூணு சர்டிபிகேட்டும் தப்புன்னு ஆணையத்துக்கு எழுதப் போறேன்.”

“விதிவிலக்கு போயிடும். இதுவரைக்கும் வாங்கினது எல்லாமே குத்தம் ஆயிடும். பேப்பர்ல உன் பேர் வரும்க்கா!”

“வரட்டும்.”

அவன் முகம் மாறியது. மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். “நீ போடலைன்னா போடுறதுக்கு ஆள் இருக்கு. மத்தியானம் போர்டுல தீர்மானம் போட்டு இன்னொருத்தருக்கு அதிகாரம் குடுத்துடுவேன். தீர்மானத்துக்கு வேண்டியது தலைவரோட ஒரு கையெழுத்து. அப்பா போடுவார்.”

“என்னன்னு தெரியாமயே போடுவார்” என்றாள் பாப்பா.

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று இருவருக்குமே உறைத்தது. மொட்டை தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பாவின் அறை, தளத்தின் கோடியில். மேஜை மேல் கம்பெனி செய்த வால்வுகள் வரிசையாக நிற்கும். வந்தவர்கள் உட்காரும் முன் ஒன்றையாவது கையில் எடுத்துக் கொடுத்து எடை பார்க்கச் சொல்வார்.

இன்று அவர் கையில் ஒன்று இருந்தது. பாப்பா வந்ததைக் கவனித்தும் அதைக் கீழே வைக்கவில்லை.

“அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“அம்மா போன் பண்ணினா. அழுதா.” வால்வைத் திருப்பினார். “நீங்க எல்லாரும் என்னைச் சுத்தி ரகசியம் பேசுறீங்க. வீட்ல நான் நுழைஞ்சா பேச்சு நிக்குது. எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?”

பாப்பா எதிரே உட்கார்ந்தாள்.

“வியாழக்கிழமை மெஷின் ஓடுற ஷாப் ஃப்ளோருக்குப் போனேன். இதைக் கையில எடுத்தேன். இது நான் வரைஞ்ச வால்வு. மொட்டை பிறந்த வருஷம் வரைஞ்சது. தண்ணி எந்தப் பக்கம் உள்ள வரும், எந்தப் பக்கம் வெளிய போகும்னு எனக்குத் தெரியலை.”

அவர் விரல் வால்வின் வயிற்றுப் பக்கம் போயிற்று. வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் அம்புக்குறி.

“இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். பொருத்த வர்ற வெளியாளுக்காகப் போட்ட அம்புக்குறி பாப்பா இது. நமக்காகப் போட்டதில்லை.”

ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. பாப்பா வால்வை அவர் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

பிறகு பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். விதிவிலக்கு, திங்கட்கிழமைக் கையெழுத்து, தம்பியின் கணக்கு, முதலை. நடுவில் இரண்டு தடவை “யாரு?” என்று கேட்டார். இரண்டு தடவையும் பொறுமையாகச் சொன்னாள்.

“மொட்டை எனக்காகத்தான் பண்ணியிருக்கான்” என்றார் கடைசியில்.

“ஆமாம்பா.”

“நீ?”

பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணீர் வந்தது.

“சரி, சரி. அழாதே. சட்டம் என்ன சொல்லுது? வியாதி பேரை எழுதணுமா?”

“வேண்டாம்பா. அது உங்க சொந்த விஷயம். அதை யாரும் கேட்க முடியாது. தலைவரால வேலையைத் தொடர முடியலை, பொறுப்பிலேர்ந்து விலகுறார். அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

“அப்போ எழுது. உடம்பு முடியலை, விலகுறேன்னு எழுது. மீட்டிங்ல நானே சொல்லிடறேன்.” எழுந்தார். கதவு வரை போனவர் நின்றார். “இப்பவே கூட்டிட்டுப் போ. நல்லா இருக்கும்போதே சொல்லிடறேன்.”

போர்டு அறையில் அவர் பேசியது நாலைந்து வாக்கியம்தான். ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அவர் பேசி முடித்தபோது இயக்குநர்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மொட்டை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது.

அப்பா அவன் அருகே போய், காடு மாதிரி இருந்த முடியைக் கலைத்துவிட்டார்.

“முடியை வெட்டுடா” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து மொட்டையே போனை எடுத்தான். தரகரிடம், “வாங்குறதை நிறுத்துங்க. ஆமா, ரெண்டு பக்கமும்” என்றான். போனை வைத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

பாப்பா தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கரைச் சந்தை திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இங்கே வர்த்தகத்தைச் சற்று நிறுத்திவைக்கும்படி சந்தைக்குச் சொல்லியாயிற்று. அறிவிப்பு இரண்டு இடத்துக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒரு ஊர்க்காரன் அறிந்து இன்னொரு ஊர்க்காரன் அறியாமல் இருக்கும் இடைவெளி இருக்கவே கூடாது.

எழுதினாள். அழித்தாள். எழுதினாள். சம்பிரதாயமாக முடிகிற அந்த நாலு வரிக்குள் அப்பாவின் நாற்பது வருடம் அடங்கிவிட்டது. கூடவே ஆணையத்துக்கு மூன்று சர்டிபிகேட்டையும் பற்றிய கடிதம். அதில் ‘தவறு’ என்ற சொல்லை எழுதும்போது மட்டும் கை தயங்கியது. பிறகு எழுதிவிட்டாள்.

அனுப்பப் போகும்போது கதவு திறந்தது.

அம்மா. இந்தக் கட்டடத்துக்குள் அம்மா வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. வீட்டுச் சேலையோடு, செருப்பை மாற்றக்கூட மறந்து வந்திருந்தாள்.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்லை. அப்பாவே சொல்லச் சொல்லிட்டார்மா. நீ கவலைப்படாதே, வியாதி பேர் எதுவும் இல்லை, படிச்சுக் காட்டட்டுமா?”

“அதுக்கு வரலை.” அம்மா கதவில் சாய்ந்துகொண்டாள். “நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்டி.”

பாப்பா நிமிர்ந்தாள்.

“அந்த ஊர்ல என் பேர்ல கொஞ்சம் ஷேர் இருந்ததே. அங்க முதல்ல கம்பெனியைக் கொண்டு போனப்போ உங்கப்பா எழுதி வெச்சது. அதை வித்துட்டேன். போன வாரம்.”

“எவ்வளவு?”

“எல்லாத்தையும்.”

பாப்பா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“எனக்கு வேற என்னடி தெரியும்?” என்றாள் அம்மா. “இந்த வியாதி வருஷக்கணக்குல இழுக்கும்கிறாங்க. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா உங்க ரெண்டு பேர் வீட்டு வாசல்லயும் நின்னு நான் கேட்கக் கூடாது. நீயும் அவனும் என்னைக் காட்டி ஒருத்தர் மேல ஒருத்தர் விழக் கூடாது. அவரை நானே பார்த்துக்கணும். அவ்வளவுதான் நினைச்சேன். என் பேர்ல இருக்கிறதை நான் வித்தா தப்பா?”

தலைவரின் மனைவி. நோய் என்னவென்று டாக்டரின் வாயிலிருந்தே கேட்டவள். செய்தி வெளியாகும் முன் கடைசிப் பங்கு வரை விற்றிருக்கிறாள். அதுவும் இந்த ஊர்ப் பட்டியலில் உடனே தெரியாத அக்கரைச் சந்தையில். குடும்பத்தின் பிடியை இறுக்க மகன் ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருக்க, தாய் இன்னொரு பக்கம் அதை அவிழ்த்திருக்கிறாள். இந்த அறிவிப்பு போனதும், விலை விழுந்ததும், இரண்டு ஆணையங்களும் கேட்கப் போகும் முதல் கேள்வி ‘இதற்கு முன் விற்றது யார்’ என்பதுதான்.

அனுப்பாமல் இருக்கலாம். ஒரு நாள். ஒரே ஒரு நாள் தள்ளிப்போட்டால் ஏதாவது வழி...

காலையில் தம்பி கேட்டது ஒரு மாதம். தான் இப்போது கேட்பது ஒரு நாள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று பாப்பாவுக்குத் தோன்றியது.

திரையின் பக்கம் திரும்பினாள். பொத்தானை அழுத்தினாள். இரண்டு சந்தைக்கும் போயிற்று.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

மேஜை இழுப்பறையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வைத்தாள் பாப்பா. பேனாவைத் திறந்து, மேலே ‘ஆணையத்துக்கு’ என்று எழுதினாள். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

“உட்காருங்க” என்றாள்.

அம்மாவின் புருவம் சுருங்கியது. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாவை ‘நீ’ என்றே அழைத்தவள் பாப்பா.

“உட்காருங்களா? என்னையா சொல்றே?”

“யார் மூலமா வித்தீங்க?”

மகளின் முகத்தில் எதையோ தேடினாள் அம்மா. கிடைக்கவில்லை. கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து, அந்த நாற்காலியில் முதுகு நிமிர உட்கார்ந்தாள்.

“சொல்றேன்” என்றாள். “எழுதிக்கோங்க.”